தவிலைக் கடித்த புலி

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுக்கு. என் வீட்டுக்காரர் தவில் வாசிக்கிறார். மாசி மாதம் வாய்க்கால் மதகடியில் கிடந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றை மகன் தூக்கி வந்தான். புலி என்று பெயர் வைத்திருக்கிறான். இப்போது அதற்கு நாலரை மாதம் இருக்கும். வந்த புதிதில் சாதுவாகத்தான் இருந்தது. ஒரு மாதமாக வீட்டில் ஒரு சாமான் தங்கவில்லை. செருப்பு, கோரைப்பாய், மின்விசிறி வயர், மாமியாருடைய வெற்றிலைப் பை எல்லாம் போயிற்று. போன வாரம் தவிலின் வலந்தலையை, அதாவது வலது பக்கத்தைக் கடித்துத் தோலைக் கிழித்துவிட்டது. மறுநாள் முகூர்த்தம். இரவல் தவில் வாங்கிக்கொண்டு போனார். விரல் கூடுகளில் ஒன்று காணாமல் போயிற்று. அவர் கோபத்தில் அடித்துப் பார்த்துவிட்டார். செய்தது தப்பு என்று அதற்கே தெரிகிறது. கிழிந்த தவிலைக் காட்டினால் தலையைக் குனிந்துகொண்டு மூலையில் ஒடுங்குகிறது. ஆனாலும் திருந்தவில்லை. இத்தனைக்கும் பழைய தோல் துண்டு, பிய்ந்த செருப்பு எல்லாம் கடிக்கக் கொடுத்துத்தான் வைத்திருக்கிறோம். மிளகாய்ப்பொடி தடவு என்கிறார்கள். நாள் முழுக்கச் சங்கிலியில் போடு என்கிறார்கள். கொள்ளிடக் கரையில் விட்டுவிட்டு வரலாம் என்கிறார் மாமியார். மகன் சாப்பிடாமல் அழுகிறான். அவன் கையிலும் இரண்டு தடவை பல் பட்டிருக்கிறது. என்ன செய்வது?

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, மகன் கையில் பல் பட்டது என்று. முதலில் அதைப் பார்த்துவிடுவோம், தவில் பிறகு. புலிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டதாகக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. மதகடியில் கிடந்த குட்டி. அதன் தாய் எது, அதை எது கடித்தது, யாருக்கும் தெரியாது. பையன் கையில் ரத்தம் கசிந்திருந்தாலும் சரி, லேசான கீறலாக இருந்தாலும் சரி, இன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் எழுதித் தருகிற தேதிகளில் ஒன்றைக்கூட விடாமல் ஊசியைப் போட்டு முடியுங்கள். இனி எப்போது பல் பட்டாலும், குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைத்துக் கட்டக் கூடாது. "பால்பல் குட்டிக்கு ஏது வெறி" என்று யாராவது சொல்வார்கள். குட்டிக்கும் வரும், அதன் எச்சிலிலும் கிருமி இருக்கும். மூன்று மாத வயதில் போட்டிருக்க வேண்டிய ஊசி இது. நாளைக் காலையிலேயே புலியைக் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போய்ப் போட்டுவிடுங்கள். பார்வோ முதலான நோய்களுக்கான கூட்டு ஊசியைப் பற்றியும் அங்கேயே கேளுங்கள். ரத்தமாக வயிற்றுப்போக்கு வந்து இரண்டு மூன்று நாளில் குட்டி போய்விட்டது என்று வந்து சொல்வார்களே, அது பெரும்பாலும் பார்வோதான்.

அடுத்தது காணாமல் போன விரல் கூடு. தவில்காரர் வீட்டுக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்காக ஒரு வரி. வலந்தலையில் அடிக்கிற கை விரல்களில் மாட்டிக்கொள்வது அது. துணிநாடாவை மாவுப் பசையில் தோய்த்து, சுற்றிச் சுற்றிக் காயவைத்தால் கல் மாதிரி இறுகிவிடும். நமக்குத்தான் கல். குட்டியின் மூக்குக்கு அது காய்ந்த ரொட்டி. விழுங்கியிருந்தால் மாவு வயிற்றில் கரைந்துவிடும், துணி கரையாது. ஒரு வாரமாகியும் வழக்கம்போலத் தின்று, ஓடி, சரியாக வெளிக்குப் போகிறது என்றால் பெரும்பாலும் பயமில்லை. பீரோவுக்கு அடியில் ஒரு தடவை துடைப்பம் விட்டுப் பாருங்கள், அங்கேயே கிடக்கலாம். ஆனால் துணி சில சமயம் வாரக்கணக்கில் இரைப்பையில் தங்கிவிட்டுப் பிறகு குடலுக்கு இறங்கும். அதனால் இன்னும் கொஞ்ச நாள் கண் இருக்கட்டும். திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பினாலோ, வெளிக்குப் போக முடியாமல் முக்கினாலோ, வயிற்றைத் தொட்டால் கத்தினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குடல் அடைப்பாக இருக்கலாம், எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருக்கும். உங்கள் ஊர் மருந்தகத்தில் வசதி இல்லையென்றால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பின்பக்கம் நூலோ துணியோ தொங்குவதைப் பார்த்தால் பிடித்து இழுக்க வேண்டாம். உள்ளே குடலை அறுத்துவிடும்.

இனி நீங்கள் கேட்ட விஷயம்.

உங்கள் கடிதத்திலேயே பதில் ஒரு வரியாக இருக்கிறது. "பழைய தோல் துண்டு, பிய்ந்த செருப்பு எல்லாம் கடிக்கக் கொடுத்துத்தான் வைத்திருக்கிறோம்." அங்கேதான் சிக்கல். வலந்தலைக்குத் தோல் மாற்றும்போது கழித்த துண்டை உங்கள் வீட்டுக்காரர் பாசமாகத் தூக்கிப் போட்டிருக்கிறார். குட்டி அதைக் காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு ஊறவைத்து, மென்று, இழுத்து, நாளெல்லாம் அனுபவித்திருக்கிறது. யாரும் திட்டவில்லை. 'தோல் என்றால் எனக்கு' என்று ஒரு மாதம் பாடம் நடந்திருக்கிறது. பிறகு ஒரு நாள் கூடத்தில் அதே வாசனையோடு, அதைவிடப் பெரிதாக, வாகாக வாய்க்கு எட்டுகிற உயரத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தால் அது என்ன செய்யும்? கழித்த தோலுக்கும் கச்சேரித் தோலுக்கும் உள்ள வித்தியாசம் காதால் பார்க்கிறவருக்குத் தெரியும். மூக்கால் பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். செருப்பும் அப்படியே. பிய்ந்த செருப்பைக் கொடுத்துவிட்டு, போன வாரம் வாங்கிய செருப்பைத் தொடாதே என்றால் அதற்கு எந்தக் கணக்கில் புரியும்?

ஆகவே இன்று சாயங்காலத்துக்குள் வீட்டில் கிடக்கும் தோல் துண்டு, பழைய செருப்பு, வார், பெல்ட் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். கடையில் முடிச்சுப் போட்ட எலும்பு மாதிரி வெள்ளையாக ஒன்று விற்கிறார்கள், நாய்கள் மெல்லுவதற்கு. அதுவும் பதப்படுத்திய மாட்டுத்தோல்தான். வேறு வீடாக இருந்தால் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு கொடுங்கள் என்று சொல்லியிருப்பேன். தவில் இருக்கிற வீட்டில் அது வாசற்படி தாண்டவே வேண்டாம்.

ஏன் இந்த ஒரு மாதமாக மட்டும்? வாயைத் திறந்து பார்த்தால் தெரியும். மடியில் போட்டு, மேல் உதட்டைக் கட்டைவிரலால் மெல்லத் தூக்குங்கள். முன்னால் இருக்கும் சின்னப் பற்களில் சில விழுந்து, அந்த இடத்தில் கொஞ்சம் அகலமான வெள்ளைப் பல் முளைத்துக்கொண்டிருக்கும். ஈறு சிவந்து தடித்திருக்கும். நாய்க்குப் பால்பல் 28. அவை மூன்றரை, நான்கு மாதத்தில் விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் வந்துவிடும். விழுந்த பல்லைப் பெரும்பாலும் குட்டியே விழுங்கிவிடும், உங்கள் கண்ணில் படாது. கடித்த துணியில் பொட்டுப் பொட்டாக ரத்தம் இருந்தாலும் பயப்படாதீர்கள். பல் முளைக்கிற பிள்ளை கையில் கிடைத்ததையெல்லாம் ஈறில் வைத்து அழுத்துமே, அதே கதைதான். இதற்குக் கை இல்லாததால் ஊரையே வாயால் தொட்டுப் பார்க்கிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள். ஏழாவது மாதத்திலும் புதுக் கோரைப்பல்லுக்குப் பக்கத்திலேயே பழைய கோரைப்பல் விழாமல் நின்றால் மருந்தகத்தில் காட்ட வேண்டும்.

தலையைக் குனிந்துகொண்டு மூலையில் ஒடுங்குகிறது, தப்பு என்று அதற்கே தெரிகிறது என்கிறீர்கள். இதை நானும் ஒரு காலத்தில் நம்பினேன். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு குட்டி வளர்த்தேன். ஒரு மத்தியானம் என் ஸ்டெதஸ்கோப்பின் ரப்பர் குழாயை மூன்று துண்டாக்கி, வரிசையாக வாசலில் போட்டிருந்தது. மருத்துவர் என்கிற பெயர்தான், கோபம் எல்லாருக்கும் வருகிற கோபம். துண்டுகளை முகத்துக்கு நேரே காட்டி இரண்டு வைத்தேன். அதற்குப் பிறகு நான் புதிய ஸ்டெதஸ்கோப்பைக் கையில் எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும். பாடம் படிந்துவிட்டது என்று பெருமையாக இருந்தேன். பத்து நாள் கழித்து அந்தக் கட்டிலுக்கு அடியிலேயே என் கடிகார வாரைக் கண்டெடுத்தேன். கடிப்பதை அது விடவில்லை. நான் இருக்கும்போது கடிப்பதைத்தான் விட்டிருந்தது.

எந்தச் செயலுக்குக் கிடைத்த பலன் என்று குட்டிக்கு விளங்க வேண்டுமானால், பலன் ஓரிரு நொடிக்குள் வந்துவிட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு முன் கடித்ததற்கு இப்போது விழுகிற அடி, கடித்ததோடு ஒட்டாது. 'கிழிந்த தவிலும் இவரும் ஒரே இடத்தில் இருந்தால் அடி விழும்' என்பதோடு ஒட்டும். அந்தக் குனிந்த தலையும் ஒடுங்கிய வாலும் பயம். பயந்த நாய் ஒரு நாள் திருப்பிக் கடிக்கும். அது உங்கள் மகனாகக்கூட இருக்கலாம். அடிப்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். மறுநாள் முகூர்த்தத்தை வைத்துக்கொண்டு தவில் கிழிந்தவரின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரியாமல் இல்லை.

மிளகாய்ப்பொடி வேண்டாம். கண்ணிலும் மூக்கிலும் ஏறி எரியும், காலால் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். காரத்தைப் பொருட்படுத்தாமல் நக்கித் தீர்த்த நாய்களையும் பார்த்திருக்கிறேன். வேப்பெண்ணெய் தடவலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நக்கி விழுங்குகிற இடத்தில் அதுவும் ஆகாது.

கடிப்பதை நிறுத்த முடியாது. எதைக் கடிக்கலாம் என்பதை நீங்கள் முடிவு செய்யலாம், மற்றதை எட்டாத இடத்தில் வைக்கலாம். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் பலிக்கும்.

தவிலுக்கு ஓர் அறை, அதற்கு ஒரு கதவு. அறை இல்லையென்றால் உயரமான பலகை. உறை போட்டு வைத்தால் போதும் என்று இருக்காதீர்கள், உறையும் கிழியும். விரல் கூடு எவர்சில்வர் டப்பாவுக்குள். செருப்பை வாசலில் கழற்றிவிடுகிற பழக்கம் நம் ஊரில் மாறாது, அதனால் திண்ணைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகை அடித்துவிடுங்கள். மின்விசிறி வயரைக் கடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உயிரோடு இருப்பது அதிர்ஷ்டம். பயன்படுத்தாதபோது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வயரைச் சுருட்டி மேலே போடுங்கள். மாமியாருடைய சர்க்கரை, பிரஷர் மாத்திரை, பூஜை அறைக் கற்பூரம், துணிப் பெட்டியில் போடுகிற அந்துருண்டை எதுவும் அதன் வாய்க்கு எட்டக் கூடாது. கொல்லையில் அரளி இருந்தால், வெட்டிப்போட்ட கிளைகளையும் அப்படியே விட்டுவைக்காதீர்கள்.

இன்னொன்று. குறுவை வேலை தொடங்குகிற நேரம், வரப்பில் எலி மருந்து வைப்பார்கள். கறுப்பாகப் பொடி மாதிரி இருக்குமே, துத்தநாக பாஸ்பைடு, அது வயிற்றில் இருக்கிற அமிலத்தோடு சேர்ந்ததும் விஷவாயுவாக மாறும். குட்டி அதைத் தின்றிருக்கும் என்று சந்தேகம் வந்தாலே பால், மோர், உப்புத் தண்ணீர், தேங்காயெண்ணெய் எதையும் புகட்டாமல், மருந்துப் பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வாருங்கள். வாந்தி எடுத்தால் மூடிய இடத்தில் பக்கத்தில் உட்காராதீர்கள். அந்த வாயு மனிதருக்கும் ஆகாது.

கடிக்க என்ன கொடுப்பது? காசு செலவழிக்க வேண்டியதில்லை. பழைய ஈரிழைத் துண்டை நீளவாக்கில் முறுக்கி, நடுவிலும் இரண்டு முனையிலும் இறுக்கி முடிச்சுப் போட்டு, தண்ணீரில் நனைத்து, ஃப்ரீஸரில் வையுங்கள். விறைத்ததும் கொடுங்கள். வைகாசி வெயிலுக்கும் வீங்கிய ஈறுக்கும் அதைவிட இதமானது இல்லை. நூல் பிரிந்து வந்தால் தூக்கி எறிந்துவிட்டு வேறு செய்யுங்கள். முழு கேரட்டைக் குளிர வைத்தும் கொடுக்கலாம். கெட்டியான ரப்பரில், நடுவில் குழி இருக்கிற பொம்மை ஒன்று வாங்க முடிந்தால், குழிக்குள் உப்புப் போடாத தயிர்சாதத்தை அடைத்துக் குளிரவைத்துக் கொடுங்கள். வெங்காயம் சேர்த்த சாதம் கூடாது. நக்கித் தீர்க்க அரை மணி நேரம் ஆகும், அந்த அரை மணி நேரம் உங்களுக்கு ஓய்வு. எதைக் கொடுத்தாலும் முழுதாக வாய்க்குள் போகாத அளவாக இருக்க வேண்டும், நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது பதிய வேண்டும். அதைவிடக் கடினமாக இருந்தால் பல் உடையும். வேகவைத்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடையும், கூடவே கூடாது. இது மாம்பழக் காலம். மாங்கொட்டையைக் கொல்லையில் எறியாதீர்கள். குடலில் மாங்கொட்டை சிக்கி அறுவைக்கு வருகிற நாய்கள் உண்டு. நாலைந்து சாமான் சேர்ந்ததும் இரண்டை மட்டும் வெளியே விட்டு மற்றதை ஒளித்துவைத்து, இரண்டு நாளைக்கு ஒரு தடவை மாற்றுங்கள். பழசே புதுசாகிவிடும்.

கூடாத ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு ஓடினால் துரத்தாதீர்கள். துரத்தினால் அதற்கு விளையாட்டு. மூலையில் மடக்கி வாயைப் பிளந்து பிடுங்கினால், அடுத்த தடவை உறுமும், அல்லது நீங்கள் வருவதற்குள் விழுங்கிவிடும். விரல் கூடு அப்படிப் போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. சட்டைப்பையிலோ முந்தானையிலோ அவித்த முட்டைத் துண்டு இரண்டு எப்போதும் இருக்கட்டும். அதன் எதிரே குந்தி உட்கார்ந்து, முட்டையை மூக்குக்குப் பக்கத்தில் நீட்டுங்கள். கையில் இருப்பதைத் தின்பதற்காக வாய் தானாகத் திறக்கும். கடித்த பொருள் கீழே விழுகிற அந்த நொடியில் "விடு" என்று சொல்லி, முட்டையைக் கொடுத்து, இன்னொரு கையால் பொருளை எடுத்து, உடனே துண்டு முடிச்சை அதன் வாயில் வையுங்கள். முதலில் கடிக்கக் கூடிய சாமான்களை வைத்தே நாளுக்கு நாலைந்து தடவை பழக்குங்கள். சில வாரத்தில் முட்டையைக் காட்டாமலேயே "விடு" என்றால் விடும். வீட்டில் எல்லாரும் அந்த ஒரே சொல்லையே சொல்ல வேண்டும். நீங்கள் "விடு", மகன் "குடு", மாமியார் "சனியனே" என்றால் அதற்கு மூன்று பாஷை ஆகிவிடும்.

எந்த நேரத்தில் கடிக்கிறது என்று எழுதவில்லை. நான் ஊகிக்கிறேன்: பிற்பகலும், விளக்கு வைக்கிற நேரமும். முகூர்த்த மாதத்தில் உங்கள் வீட்டுக்காரர் ராத்திரியெல்லாம் வாசித்துவிட்டுக் காலையில் வந்து படுப்பார். வீடே சத்தமில்லாமல் கிடக்கும். குட்டிக்குப் போக்கிடம் இல்லை. காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் ஆற்றங்கரைப் பக்கம் கழுத்துப்பட்டையில் கயிறு போட்டு இருபது நிமிடம் நடத்திக்கொண்டு போங்கள். அவசரமாக இழுத்துக்கொண்டு நடக்காமல், கண்டதையெல்லாம் முகர விடுங்கள். முகர்வது அதற்கு நல்ல வேலை, களைத்துவிடும். தெருநாய்கள் கூடுகிற இடமும், நாய் அசிங்கம் கிடக்கிற இடமும் ஊசிகள் முடிகிறவரை வேண்டாம். சாயங்காலமும் ஒரு நடை. இந்த வயதில் நாளுக்கு 18 மணி நேரம்வரை தூங்க வேண்டும். தூக்கம் கெட்ட குட்டி, தூக்கம் கெட்ட பிள்ளை மாதிரியே அடம்பிடிக்கும், கண்டதைக் கடிக்கும். விளக்கு வைக்கிற நேரத்துக் கிறுக்கு பெரும்பாலும் அதுதான்.

நாள் முழுக்கச் சங்கிலி வேண்டாம். கட்டிப்போட்டே வளர்ந்த நாய் குரைத்துக் குரைத்து ஒரு நாள் தெருவில் போகிறவரைக் கடிக்கும். நீங்கள் சமையலில் இருக்கும்போதும், வீட்டில் ஆள் இல்லாதபோதும் திண்ணை மூலையில் மூங்கில் பிளாச்சு வைத்து ஒரு தடுப்பு கட்டுங்கள். உள்ளே நிழல், தண்ணீர், சாக்கு, கடிக்க ஒரு சாமான். அங்கே போட்டுச் சாப்பாடு கொடுத்துப் பழக்கினால் தண்டனை என்று நினைக்காது, தானாகவே போய்ப் படுக்கும். ஒரு தடவைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள். கையை ஆட்டிக் கடிக்க விட்டு விளையாடக் கூடாது. பல் பட்டால் கையை வெடுக்கென்று இழுக்காமல், மரம் மாதிரி நின்று, எழுந்து போய்விட வேண்டும். ஆட்டம் நின்றுவிடுகிறது என்பது அதற்கு விரைவில் புரியும். அழுகிற பிள்ளைக்கு இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். நடத்திக்கொண்டு போவதும் துண்டு முடிச்சு செய்வதும்கூட அவன் வேலையாக இருக்கட்டும். பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

கொள்ளிடக் கரை யோசனையை மாமியாரிடம் எப்படி மறுப்பது என்பது உங்கள் சாமர்த்தியம். பழகிய வீட்டை விட்டு ஆற்று மணலில் இறக்கிவிட்ட நாலரை மாதக் குட்டி அங்கே இருக்கிற நாய்க் கூட்டத்திடம் தப்புவது கஷ்டம். வெற்றிலைப் பை போன வருத்தம் அவருக்கு இருக்கும். புதுப் பை ஒன்று வாங்கிக் கொடுத்து, ஆணியில் மாட்டுங்கள்.

இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் பல் வேலை முடியும். கடிப்பது குறையும், ஆனால் அடியோடு நிற்காது. ஒரு வயது தாண்டுகிறவரை அவ்வப்போது வேகம் எடுக்கும். அதற்குள் ஆடி வந்துவிடுகிறது. முகூர்த்தம் கிடையாது, உங்கள் வீட்டுக்காரர் பெரும்பாலும் வீட்டில் இருப்பார், சாதகம் செய்வார். அந்த மாதத்தைப் புலிக்காக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தவிலைக் கூடத்தில் வைத்து அவர் உட்காரும்போது, எட்டடி தள்ளி ஒரு பாயைப் போட்டு, தயிர்சாதம் அடைத்த ரப்பர் பொம்மையோடு அதைப் படுக்க வையுங்கள். பக்கத்தில் மகன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருக்கட்டும். முதல் நாள் ஐந்து நிமிடம் மெதுவாக வாசிக்கட்டும், எடுத்த எடுப்பில் வேகம் வேண்டாம். அது தவிலைப் பார்க்காமல் பொம்மையை நக்கிக்கொண்டிருந்தால் நடுநடுவே ஒரு முட்டைத் துண்டு. எழுந்து தவில் பக்கம் வந்தால் அடிக்காமல், திட்டாமல் பாய்க்குத் திருப்பிக் கொண்டுபோங்கள். ஆவணி முகூர்த்தத்துக்குள் தவில் சத்தம் கேட்டதும் தானாகவே பாயில் போய்ப் படுக்கிற நாய்க்குட்டியை எதிர்பார்க்கலாம். அதன் பிறகும் அறைக் கதவைச் சாத்திவைக்க மறக்காதீர்கள்.